பக்கத்துப் பாத்தி அக்கா

நான் அவரை முதன்முதலில் சந்தித்தபோது என் காற்சட்டை பின்பக்கம் கிழிந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. மண்டபத்தில் இருந்த வேறு யாருக்கும் தெரியாமல் போனதற்கு அவர்தான் காரணம்.

சுவிஸில், நொஷாட்டலில் ஒரு பிறந்தநாள் விழா. மேசைகளை ஓரமாக்கச் சொன்னார்கள். நான் பெரிய ஆள்போல ஒரு மேசையைத் தனியே தூக்கினேன். 'சர்' என்று ஒரு சத்தம் கேட்டது. மேசை விரிப்பாக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்து நடந்தால், எனக்குப் பின்னால், முட்டும் அளவு நெருக்கமாக, ஒரு பெண் பெரிய வடைத் தட்டோடு வந்துகொண்டிருந்தார். நான் இடப்பக்கம் திரும்ப அவரும் இடப்பக்கம் திரும்பினார். நான் நிற்க அவரும் நின்றார்.

"என்னக்கா, வழி விடவோ?"

"இல்லைத் தம்பி, நீங்கள் நடவுங்கோ. தட்டுச் சுடுது."

தட்டுச் சுடவில்லை. வடை எப்போதோ ஆறிவிட்டது. குளிர்ச்சட்டைகள் தொங்கிய மூலைவரை என்னை ஓட்டிக்கொண்டு போனவர், யாருடையதோ ஒரு நீளமான சட்டையை எடுத்து என் தோளில் போட்டார். "குளிருது, இதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ" என்றார். உள்ளே சனம் விசிறிக்கொண்டிருந்தது. மனுஷிக்கு ஏதோ பிசகு என்று நினைத்தபடி, மரியாதைக்காக இரண்டு மணிநேரம் வியர்க்க வியர்க்க அந்தச் சட்டைக்குள் இருந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றியபோது மனைவி கண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவரை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. சின்ன உருவம், வேகமான நடை. மற்றவர் வெட்கப்படுவதை அவரால் தாங்க முடியாது. எனக்குத் தலைவலி எப்படியோ அப்படி அது அவருக்கு. யாராவது தடுமாறினால் முதலில் அவருடைய முகம்தான் சுருங்கும். உடனே ஏதாவது செய்து மூடிவிடுவார். "விடுங்கோ, ஆரும் பாக்கேல்லை" என்பார். அவர் பார்த்திருப்பார், வேறு யாரும் பார்க்காதபடி பார்த்துக்கொண்டும் இருப்பார்.

ஒரு தேவாரப் போட்டியில் ஒரு சிறுமி நடுவில் வரி மறந்து நின்றாள். மூன்றாவது வரிசையில் இருந்த அக்காவுக்குப் பயங்கர இருமல் வந்தது. யாரோ தண்ணீர் கொண்டு ஓடினார்கள், யாரோ முதுகில் தட்டினார்கள். எல்லாம் அடங்கி, "முதலிலை இருந்து பாடு பிள்ளை" என்று நடுவர் சொன்னபோது பிள்ளைக்கு வரி நினைவுக்கு வந்துவிட்டது. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் படுக்கையை நனைத்துவிட்டு அழுதபோது, மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியை அக்கா வேண்டுமென்றே தட்டி அவருடைய படுக்கையில் ஊற்றிவிட்டு, கவனமில்லாதவள் என்று மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினாராம். இதை அவர் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்த ஒருத்தி என் மனைவிக்குச் சொன்னாள்.

ரயில் பாதைக்கு மேலே, ஏரியைப் பார்த்த சரிவில், தோட்டச் சங்கத்தின் காணித்துண்டுகள் இருந்தன. எங்களுக்கு ஒன்று கிடைத்தபோது பக்கத்துத் துண்டு அக்காவுடையது. நடுவில் வேலிகூட இல்லை, ஓர் அடி அகலப் புல் வரப்பு மட்டும்தான். அவருடைய கத்தரியும் கீரையும் வெங்காயமும் அளவெடுத்த மாதிரி நின்றன. என்னுடையவை என் சொல் கேட்காமல் நின்றன.

முதல் கோடையிலேயே எலி வந்தது. ஊரில் அகழான் என்று நாங்கள் சொல்கிற எலிக்கு இங்கே ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் இருக்கிறது. நிலத்துக்குக் கீழேயே வாழ்ந்து கிழங்கையும் வேரையும் தின்னும். கரட்டை இழுத்தால் இலையும் ஒரு மோதிர அளவு கிழங்கும் கையோடு வரும், மீதி கீழே போயிருக்கும். நான் மூன்று மாதம் பிழையான எதிரியோடு சண்டை போட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணைக் குவியல் குவியலாகத் தள்ளிவிடும் துன்னெலிதான் கள்ளன் என்று நம்பி அதைத் துரத்தினேன். அந்தப் பாவம் கறுப்பு வெல்வெட் போர்த்துக்கொண்டு மண்புழுவைத் தவிர வேறொன்றும் தின்னாத பிராணி என்று பிறகுதான் வாசித்தேன்.

சொன்னவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். உள்ளிப்பூடு புதைத்தேன். மோர் ஊற்றினேன். சலூனில் இருந்து ஒரு பை நிறையத் தலைமயிர் வாங்கி வந்து வளைகளுக்குள் அடைத்தேன். மனித வாடைக்கு எலி ஓடுமாம். ஓடவில்லை, அந்த மயிரைக் கூட்டுக்குப் படுக்கையாக எடுத்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். கம்பிகளில் வெற்றுப் போத்தல்களைக் கவிழ்த்துவைத்தேன். காற்றடித்தால் தோட்டம் முழுக்க ஊளையிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் முறையிட்டார்கள், எலி முறையிடவில்லை.

ஆவணி தொடங்கியபோது ஒரு நாள், தோட்டம் கிடைத்த கிழமையே என் மனைவி நட்ட அப்பிள் கன்று சற்றுச் சாய்ந்து நின்றது. நிமிர்த்தலாம் என்று பிடித்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர்கூட இல்லை, பென்சில் சீவினதுபோல் கூராக இருந்தது. மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தன் பாத்தியில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பார்க்காததுபோல் இருந்தார், ஆனால் ஒரே இடத்தில் வெகுநேரம் பிடுங்கினார்.

அந்தக் கிழமையே நான் இயந்திரம் வாங்கினேன். நிலத்தில் குத்திவைக்கிற நான்கு கோல்கள். தலையில் பச்சை மூடி, உள்ளே மின்கலம். எலிக்கு மட்டும் தாங்காத ஓர் அதிர்வை அது மண்ணுக்குள் அனுப்பும். மனிதக் காதுக்கு மிக மெல்லிய ரீங்காரமாகத்தான் கேட்கும் என்று தாளில் போட்டிருந்தது. நான் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் மணிக்கூடுகளின் உலோக உறையை மினுக்குகிறவன். கருவிகளோடு புழங்குகிற ஆள் என்ற திமிர் எனக்கு உண்டு. தாளை மூன்று மொழியில் வாசித்தேன். நான்கு மூலையிலும் குத்தினேன். முழந்தாளிட்டுக் காதை மண்ணில் வைத்தேன்.

"கேக்குது" என்றேன்.

மனைவியும் குனிந்து கேட்டாள். "ஓம், மெல்லிசா ஏதோ இரையுது."

அக்காவையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் குனிந்தார். கொஞ்சநேரம் ஏரியைப் பார்த்தார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம் தம்பி. நீங்கள் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

எலி நின்றுவிட்டது. இரண்டு கிழமைக்குள் ஒரு புது வளைகூட இல்லை. ஐப்பசியில் நான் இழுத்த கரட்டுகள் முழுசாக, நீளமாக, கொழுத்து வந்தன. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். பங்குனி மாதம் நடந்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னுடைய பிரெஞ்சில் கால்மணிநேரம் விளக்கினேன். தலைவர் போர்த்துக்கேயர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அவர் மறுநாளே என் தோட்டத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் காதை நிலத்தில் வைத்து, "ஆமாம், கேட்கிறது" என்று கையை உயர்த்தினார். ஐந்து பேர் அதே இயந்திரத்தை வாங்கினார்கள். என்னைக் குழுவில் சேர்த்தார்கள். ஒரு மணிநேர ரயில் தூரத்தில் உள்ள ரெனானில் இருந்து முன்பின் தெரியாத தமிழர் தொலைபேசியில் கூப்பிட்டு எலிக்கு ஆலோசனை கேட்டார்கள். நானும் ஒரு வைத்தியருக்குரிய பொறுமையோடு "எத்தினை நாளா இருக்கு?" என்று கேட்டுப் பதில் சொன்னேன்.

அக்கா வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் கேட்பார். "தம்பிக்கு நல்ல மூளை" என்று வந்தவர்களுக்குச் சொல்வார்.

அவருடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாட்டின் மறுகோடியில், எங்கடின் என்ற மலைப்பகுதியில், ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தார். மலையூர்களில் சீசன் முடிந்தால் ஹோட்டலை மூடுவார்கள், வேலைக்காரர் வீட்டுக்கு வருவார்கள். அவர் ஆரம்பத்தில் அக்காவிடமும் மகளிடமும் வந்தார், பிறகு வரவில்லை. யாராவது விசாரித்தால் அக்கா, "இந்த முறை சீசன் நீண்டிட்டுதாம்" என்பார். எங்கடினில் பனி உருகி, பூப் பூத்து, திரும்பவும் பனி விழுந்தது. அந்தச் சீசன் முடியவில்லை. அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது நொஷாட்டல் தமிழர் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அக்காவிடம் அதைக் கேட்பதில்லை. "அண்ணை சுகமோ?" என்போம். "சுகம்" என்பார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் எல்லாரும் அக்காவைப் போலவே நடந்துகொண்டோம்.

இரண்டாவது கோடையின் முடிவில் அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ஆறு கிழமை தோட்டத்துக்கு வரமுடியாது. அவருடைய பாத்திக்கும் நானே தண்ணீர் விட்டேன். மூன்றாவது கிழமை என் பீற்றூட்டுகள் வாடின. இழுத்தேன். இலை மட்டும் வந்தது.

அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. நான்கு கோலும் நின்ற இடத்தில் நின்றன. ஒன்றைப் பிடுங்கி மூடியைத் திருகினேன். மின்கலத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் நாடா இருந்தது. கடையில் இருக்கும்போது மின்கலம் தீராமல் இருக்க வைப்பது. பாவிக்க முதல் இழுத்து எடுக்க வேண்டும். நான் இழுக்கவில்லை. மற்ற மூன்றையும் திறந்தேன், மூன்றிலும் நாடா அப்படியே இருந்தது. மூன்று மொழியில் வாசித்த எனக்கு, அந்த ஒரு வரி மூன்றிலும் தப்பியிருக்கிறது. ஒரு வருஷமாக அந்தக் கோல்கள் ஒரு தும்மல்கூடத் தும்மியதில்லை. நானும் மனைவியும் சங்கத் தலைவரும் மண்ணில் காதை வைத்துக் கேட்டது என்ன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா இல்லை எல்லோ? அப்ப எலி வரும்தானே."

"அக்காவுக்கும் எலிக்கும் என்ன?"

"விடிய அஞ்சரைக்கு வேலைக்குப் போக முந்தி வந்து பொறி வைக்கிறவ. அப்பிள் கண்டு செத்த கிழமையிலை இருந்து. உங்கடை பக்கத்திலை பூச்சாடி கவிட்டுக் கிடக்கிற இடமெல்லாம் என்ன எண்டு நினைச்சியள்?"

பூச்சாடிகளைக் கண்டிருக்கிறேன். பூச்சிக்காக அக்கா கவிழ்த்துவைத்தவை என்று நினைத்திருந்தேன்.

"உனக்குத் தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"சொல்ல வேண்டாம் எண்டவ. அதோடை நீங்களும் சந்தோஷமாத் திரிஞ்சியள். வீட்டிலை சண்டையும் குறைவு."

மறுநாள் தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு சாடியாகத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் கீழும் வளைக்குள் இறக்கிய ஓர் இரும்புக் குழாய்ப் பொறி. கையின் வாடை தெரியாமல் இருக்க மண் பூசித் தேய்த்த பொறிகள். ஏழு இருந்தன. என் தோட்டத்தில் எனக்குத் தெரியாமல் ஏழு.

இரண்டு குலை முந்திரிகைப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா காலைத் தலையணையில் தூக்கிவைத்துப் படுத்திருந்தார்.

"அக்கா, மெஷின் வேலை செய்யேல்லை."

"பழுதாப் போட்டுதோ?"

"ஒருநாளும் வேலை செய்யேல்லை அக்கா. நான் நாடாவை இழுக்கேல்லை."

அவர் முகம் சுருங்கியது. "அந்தத் தாளிலை எழுத்துச் சரியான சின்னன் தம்பி. ஆருக்கும் விளங்காது."

"அக்கா, பொறியளைக் கண்டிட்டன்."

அவர் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "உங்கடை மனிசி நல்ல பிள்ளை. வாய்தான் நிக்காது" என்றார்.

"ஏனக்கா என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் இருந்தனான். ஒரு வரியம் போகட்டும் எண்டு பாத்தன். பிறகு நீங்கள் கூட்டத்திலை எழும்பி நிண்டிட்டியள். எவ்வளவு சனம், எல்லாரும் கை தட்டிச்சினம். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?" தலையணையைச் சரிசெய்தபடி, "நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சியள். பாக்க எனக்கு விருப்பமா இருந்தது" என்றார். நான் எழும்பியபோது என் கையைப் பிடித்தார். "ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ. இது எங்களுக்குள்ளை இருக்கட்டும்."

"ஓம் அக்கா" என்றேன்.

இதோடு நான் வாயை மூடியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் எனக்கு நன்றி பொங்கியது. நன்றி பொங்குகிற ஆட்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அக்காவுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும், எல்லார் முன்னாலும் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஐப்பசி கடைசியில் சங்கத்தின் வருஷ விருந்து. சங்கத்தின் பெரிய கொட்டிலுக்குள் நீள மேசைகள், உருக்கிய சீஸ், உருளைக்கிழங்கு. சுவிஸ்காரர், போர்த்துக்கேயர், நான்கு தமிழ்க் குடும்பங்கள். அக்கா ஊன்றுகோலோடு வந்திருந்தார். நான் மூன்று நாளாகத் தொழிற்சாலைக் கழிப்பறையின் கண்ணாடிக்கு முன்னால் பாடமாக்கிய பேச்சோடு வந்திருந்தேன்.

கரண்டியால் கிளாசைத் தட்டி எழுந்தேன். முதல் பாதி நன்றாகப் போனது. இயந்திரத்தின் கதையைச் சொன்னேன், நாடாவை எடுத்துக் காட்டினேன். கொட்டில் அதிரச் சிரித்தார்கள். தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார், தானும் காதை வைத்துக் கேட்டவர் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். எனக்கு முடிவுக்கு ஓர் உயர்ந்த வசனம் தேவைப்பட்டது. அக்காவைக் கைகாட்டி, பிரெஞ்சில் சொன்னேன்:

"என் பாத்தியைக் காப்பாற்றியது இந்தப் பெண்மணி. கணவர் கைவிட்டுப் போய் ஆறு வருஷம். தனியாக நின்று, மகளை வளர்த்து, வேலைக்கும் போய், அதற்கு மேல் என் எலிகளையும் பிடித்தவர்."

'கைவிட்டுப் போன' என்பதற்கான சொல்லை அகராதியில் தேடி எடுத்திருந்தேன். என் வாழ்நாளில் ஒரு பிரெஞ்சு வசனம் அவ்வளவு பிழையில்லாமல் என் வாயில் இருந்து வந்ததில்லை. ஒரு பிசகு விட்டிருக்கக் கூடாதா? யாருக்கும் விளங்காமல் போயிருக்கும்.

சுவிஸ்காரர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தமிழ் மேசைகளில் ஒருவரும் அசையவில்லை. ஒரு முள்ளுக்கரண்டி தட்டில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

அக்கா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார். கைதட்டல் இன்னும் பலமானது, பேசப்போகிறார் என்று நினைத்தார்கள். மெல்லிய குரலில், தன் சலவைக்கூடத்துப் பிரெஞ்சில் சொன்னார்: "என் கணவர் எங்கடினில் வேலை செய்கிறார். சீசன் முடிந்ததும் வருவார்." பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்தார். நாங்கள் பத்துப் பதினைந்து தமிழர் இருந்தோம். ஒருவருக்கும் ஓர் இருமல்கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைத் திறந்து, "வாங்கோ தம்பி, தேத்தண்ணி வைக்கிறன்" என்றார்.

"அக்கா, அண்டைக்கு நான்..."

"அண்டைக்கு சீஸ் நல்லா இருந்தது, என்ன? ஆனா எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை."

"அதில்லையக்கா. நான் கதைச்சது..."

"உங்கடை பிரெஞ்சு நல்லா வந்திட்டுது. எல்லாரும் சொல்லிச்சினம். சீனி எத்தினை?"

இரண்டு என்றேன். என் பிழைக்கு மேலே அவர் விரிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவரிடம் எதற்கு மன்னிப்புக் கேட்பது? தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். மாசியில் அவர் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகத் தலைவர் சொன்னார். ரெனானில் வேலை செய்யும் மகளோடு போய்விட்டாராம். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவருடைய பொறிகள் ஏழும் கழுவித் துடைத்து என் பாத்தியோரத்துச் சின்னக் கொட்டில் வாசலில் ஒரு வாளிக்குள் இருந்தன. அவற்றை வைக்கப் பழகினேன். எலி பிடிபடுகிறது. அதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ரெனானில் தமிழ்க் கடையில் அவரைக் கண்டேன். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். வெண்டிக்காய்ப் பெட்டிக்கு மேலே குனிந்து ஒவ்வொன்றாய் நுனி முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்வாங்கப் பார்த்தேன். கண்டுவிட்டார்.

"தம்பி! எப்ப வந்தனீங்கள்? மனிசி சுகமோ?"

"சுகம் அக்கா." வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "அண்ணை சுகமோ?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா ஒரு வெண்டிக்காயை முறித்தார். அது முற்றல், திரும்பப் போட்டார்.

"அவர் என்னை விட்டிட்டுப் போய் ஒன்பது வரியம், தம்பி. சுகமோ சுகமில்லையோ எனக்குத் தெரியாது. இஞ்சை ஆர் கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுறன். சொல்லப் பழகிட்டன்."

நான் தலையாட்டினேன். அப்படியென்றால் நான் அன்றைக்குச் செய்தது கடைசியில் நன்மையாகத்தான் முடிந்திருக்கிறதோ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்தேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்காக நீங்கள் செய்தது சரி எண்டு நினையாதேங்கோ" என்றார். குரலை அவர் தணிக்கவில்லை. காசுப்பெட்டியில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். "அதை நான் சொல்லியிருக்க வேணும். நான் நினைச்ச நேரம், நான் நினைச்ச ஆளுக்கு. பொறிக் கதையையே ஒருத்தரிட்டையும் சொல்லாதேங்கோ எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டனான். நீங்கள் கரண்டியாலை தட்டி எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னியள். அந்தக் கிழமை முழுக்க நான் அழுதனான். எனக்கு உங்களோடை கோவம்."

"ஓம் அக்கா."

"இன்னும் கோவம்."

"ஓம் அக்கா. என்னை மன்னியுங்கோ."

"பாப்பம்" என்றார்.

கடைக்குள் நாலைந்து பேர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் காது சுட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அது சுருங்கவில்லை. என்னைத் திட்டி ஒருவர் எனக்கு அவ்வளவு நிம்மதி தந்ததில்லை.

வெண்டிக்காயையும் ஐந்து கிலோ அரிசியையும் வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். முழங்கால் இன்னும் சரியாக மடியவில்லை. அரிசிப் பையை என் கையில் தந்தார். பஸ் நிறுத்தம்வரை பக்கத்தில் நடந்தோம். நான் மழையைப் பற்றி ஏதோ தொடங்கினேன். அவர் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நடந்தார். பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொண்டு ஏறி, நான் நின்ற பக்கத்தை விட்டு மறுபக்க யன்னலோரம் போய் இருந்துகொண்டார்.

நான் கையைக் காட்டினேன். அவர் காட்டவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை, உயர்த்திய கையோடு, ரெனான் தெருவில் அத்தனை சனத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.